கொண்டைக்குருவி உங்கள் பால்கனியில் கூடு கட்டினால்: முதல் குச்சி முதல் காலிக் கூடு வரை

செம்பருத்தித் தொட்டி, ஏசி குழாய் வளையும் இடம், கொடிக்கம்பி மூலை, முன்வாசல் விளக்கு என்று கொண்டைக்குருவி கூடு கட்டும் இடத்துக்கு ஒரு கணக்கே கிடையாது. கட்டிவிட்டால் போதும், வீட்டில் ஆளுக்கொரு யோசனை ஆரம்பித்துவிடும். எடுத்து வேப்பமரத்தில் வை என்பார் ஒருவர். மனிதக் கை பட்டால் தாய் வராது என்பார் இன்னொருவர். கூண்டு வாங்கி மூடிவிடு என்பார் மூன்றாமவர். இடையில் பெயின்டர் வரும் தேதி, குடியிருப்போர் சங்கத்தின் சுற்றறிக்கை, பக்கத்து வீட்டுப் பூனை. இந்தக் குழப்பம் அத்தனையும் எங்கள் வீட்டில் நடந்து முடிந்தது. முதல் தடவை மாட்டிக்கொள்பவர்கள் அதே சுற்றைச் சுற்ற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மொத்த விஷயமும் சுமார் நான்கு வாரத்தில் முடிந்துவிடும், செலவும் அநேகமாக ஒன்றுமில்லை. உங்கள் வேலையில் முக்கால்வாசி, மற்றவர்களைச் சும்மா இருக்க வைப்பதுதான். சொல்லும்போது சுலபமாகத் தெரியும்!

1. வந்திருப்பது யார் என்று உறுதி செய்யுங்கள்

சின்னான் என்றும் சொல்கிறோமே, அதே பறவைதான். சிட்டுக்குருவியைவிடப் பெரியது, மைனாவைவிடச் சிறியது. நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். தலை கறுப்பு, உச்சியில் குட்டையான கொண்டை. உடம்பின் பழுப்பு இறகுகளுக்கு வெளிறிய ஓரம் இருப்பதால் செதில் செதிலாகத் தெரியும். வாலுக்கு அடியில் சிவப்பு. பறக்கும்போது இடுப்பில் ஒரு வெள்ளைத் திட்டும் வால் நுனியில் வெள்ளையும் மின்னும். ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், அதனால் எது தாய் எது தகப்பன் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

கூரான நெட்டைக் கொண்டையும் கன்னத்தில் சிவப்பும் இருந்தால் அது செம்மீசைச் சின்னான். இரண்டுக்கும் பழக்கவழக்கம் பெரும்பாலும் ஒன்றுதான், இந்த வழிகாட்டி அதற்கும் பொருந்தும்.

பறவை கண்ணில் படவில்லையா? கூட்டைப் பாருங்கள். கொண்டைக்குருவியின் கூடு திறந்த கிண்ணம், பாதித் தேங்காய்ச் சிரட்டை அளவு. வெளியே மெல்லிய குச்சிகள், காய்ந்த இலை, சமயத்தில் ஒரு பிளாஸ்டிக் கீற்று. எல்லாவற்றையும் சிலந்தி நூல் பிணைத்திருக்கும். உள்ளே மெல்லிய வேர்களையும் நார்களையும் வட்டமாகச் சுற்றிப் படுக்கை போட்டிருக்கும். தொங்கும் பை மாதிரி, பக்கவாட்டில் வாசலோடு இருந்தால் அது தேன்சிட்டு. இலைகளைத் தைத்து உள்ளே பஞ்சு வைத்திருந்தால் தையல்சிட்டு. நான்கு குச்சியை அலட்சியமாகப் போட்டதுபோல் இருந்தால் புறா, அது வேறு தலைவலி.

2. கூடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் தேதி போட முடியும். தமிழ்நாட்டில் இவை அதிகமாகக் கூடு கட்டுவது பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை. மற்ற மாதங்களிலும் கட்டாது என்று சொல்ல முடியாது.

கட்டுமானம் சில நாள், அதிகம் போனால் ஒரு வாரம். பிறகு நாளுக்கு ஒன்றாக இரண்டு அல்லது மூன்று முட்டை. வெளிர் இளஞ்சிவப்பில், செம்பழுப்புப் புள்ளிகள் அள்ளித் தெளித்த மாதிரி இருக்கும். புள்ளிகள் முட்டையின் அகன்ற பக்கத்தில் நெருக்கமாகக் கூடியிருக்கும். அடைகாப்பது ஏறக்குறைய 12 நாள், ஓரிரு நாள் முன்பின் ஆகலாம். பொரித்த பிறகு குஞ்சுகள் கூட்டில் இருப்பது 10 முதல் 13 நாள்.

கட்டி முடித்த கூடு ஓரிரு நாள் காலியாகக் கிடந்தால் கைவிட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முட்டையிடுவதற்கு முன் அப்படி ஓர் இடைவெளி வருவது சகஜம். முதல் முட்டை மட்டும் இருக்கும்போதும் பறவை முழு நேரம் உட்காராது. ‘தாய் வரவே இல்லை’ என்று கூட்டை எடுத்துவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது.

3. காகிதங்களைத் தயார் செய்யுங்கள்

குருவிக் கூட்டுக்கு ஆவணமா என்று சிரிக்க வேண்டாம். குடியிருப்பில் வசிப்பவர்களுக்கு இதுதான் முக்கியமான படி.

முதலாவது, தேதிக் குறிப்பு. நாள்காட்டியிலேயே எழுதிவிடலாம்: முதல் குச்சியைப் பார்த்த நாள், முதல் முட்டை, கடைசி முட்டை, முதல் குஞ்சு. கடைசி முட்டையின் தேதி தெரிந்தால் அதோடு 25 நாளைக் கூட்டுங்கள், மேலே ஓரிரு நாள் கையிருப்பாக வையுங்கள். ‘இன்னும் எத்தனை நாள்?’ என்று கேட்கும் எல்லாருக்கும் அதுதான் பதில். ‘எப்போது போகும் என்று தெரியாது’ என்றால் யாரும் பொறுக்கமாட்டார்கள். ‘இந்தத் தேதி வரை’ என்றால் பெரும்பாலும் பொறுப்பார்கள்.

இரண்டாவது, கூட்டின் படம் ஒன்றிரண்டு. பிளாஷ் இல்லாமல், தூரத்திலிருந்து, தேதியோடு. சங்கத்துக்குக் காட்டவும் பின்னால் வாக்குவாதம் வந்தால் எடுத்துப் போடவும் உதவும். முட்டையோடு இருக்கும் கூட்டின் படத்தை முகவரி தெரியும்படி பொதுவில் போடாதீர்கள். கேமராவோடு ஆட்கள் கிளம்பி வந்துவிடுவார்கள்.

மூன்றாவது, சங்கத்துக்கு ஒரு கடிதம். வாய்ச்சொல் போதாது, வாட்ஸ்அப் செய்தியாவது எழுத்தில் இருக்கட்டும். அதில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 பற்றி ஒரு வரி சேருங்கள். அந்தச் சட்டத்தின் 2(16) பிரிவு ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். கொண்டைக்குருவியைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பதற்கும் அனுமதி இல்லை. கூட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு எந்த அலுவலகத்திலும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

கடிதத்தை நீட்ட வேண்டாம். இப்படி நாலு வரி போதும்: ‘எங்கள் பால்கனியில் கொண்டைக்குருவி அடைகாக்கிறது. இந்தத் தேதிக்குள் குஞ்சுகள் பறந்துவிடும். அதுவரை இந்தச் சுவரில் பெயின்ட், சுத்தம் செய்தல், வலை கட்டுதல் ஆகியவற்றைத் தள்ளிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். முட்டையையும் கூட்டையும் கலைப்பது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.’

செயலாளரிடம் சட்டம் பேசலாம். வீட்டுப் பெரியவர்களிடம் சட்டம் எடுபடாது. ‘குருவி கூடு கட்டுவது வீட்டுக்கு நல்லது’ என்று அவர்களே சொல்லிக் கேட்டிருப்போம், அதை நினைவூட்டினால் போதும்.

விருப்பமிருந்தால் இன்னொன்று. ஈபேர்ட் என்ற இலவசத் தளத்தில் பறவைப் பட்டியல் பதியும்போது ‘கூடு கட்டுகிறது’, ‘முட்டையோடு கூடு’, ‘குஞ்சோடு கூடு’ என்று தனிக் குறியீடுகள் உண்டு. நீங்கள் எப்படியும் தேதி எழுதி வைத்திருக்கிறீர்கள், அதை அங்கேயும் போட்டால் ஆய்வாளர்களுக்குப் பயன்படும். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் இதே தளம்தான்.

4. வேலைகளைத் தள்ளிப்போடுங்கள், சிலரிடம் நேரில் சொல்லுங்கள்

பெயின்ட், ஏசி சர்வீஸ், புறா வலை, செடி கவாத்து, கொசுப் புகை. இந்த ஐந்தும்தான் பால்கனிக் கூட்டுக்கு எமன். ஏற்கெனவே தேதி கொடுத்திருந்தால் இன்றைக்கே போன் செய்து மாற்றுங்கள். வேலைக்காரர் வாசலில் வந்து நின்ற பிறகு மாற்றினால் வந்துபோன கூலியைக் கேட்பார், கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் தோட்டம் பார்க்கும் அண்ணனிடமும் காவலாளியிடமும் நீங்களே கூட்டைக் காட்டிச் சொல்லுங்கள். பல கூடுகள் கெட்ட எண்ணத்தால் போவதில்லை, தெரியாமல் துடைப்பத்தால் தட்டப்பட்டுத்தான் போகின்றன.

புறா வலை ஏற்கெனவே கட்டியிருந்து, பறவை ஏதோ இடுக்கு வழியாக வந்து போகிறதென்றால் அந்த இடுக்கை அடைக்காதீர்கள். அடைத்தால் குஞ்சு உள்ளே, தாய் வெளியே.

கூடு தொட்டியில் இருந்தால் தொட்டியை நகர்த்தவே வேண்டாம். ‘வெயில் படுகிறதே, நாலு அடி தள்ளி வைக்கிறேன்’ என்றால், திரும்பி வரும் பறவை பழைய இடத்தில்தான் தேடும். செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். பறவை இரைக்குப் போன நேரமாகப் பார்த்து, தொட்டி ஓரமாக, மெதுவாக ஊற்றுங்கள். குழாயைத் திறந்து இலை மேல் பீய்ச்சக் கூடாது. பூச்சிமருந்து, வேப்பெண்ணெய்த் தெளிப்பு இரண்டுமே இந்த நான்கு வாரம் வேண்டாம். நீங்கள் கொல்ல நினைக்கும் புழுதான் நாளைக்குக் குஞ்சுக்குச் சாப்பாடு.

5. வெயிலும் எதிரிகளும்

ஏப்ரல், மே மாதக் கூடுகளுக்கு வெயில் பெரிய பிரச்சினை. நேர்வெயில் விழுந்தால் தாய் இறக்கையை லேசாக விரித்து, வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு குஞ்சுகளுக்கு நிழலாக நிற்கும். அப்படிக் கண்டால் கூட்டுக்குச் சில அடி மேலே, வெயில் வரும் பக்கமாக ஒரு பழைய வேட்டியையோ பச்சை நிழல்வலைத் துண்டையோ கட்டுங்கள். காற்றில் படபடக்காமல் இழுத்துக் கட்ட வேண்டும், பறவை வரும் வழியையும் மறைக்கக் கூடாது. கட்டிவிட்டு உள்ளே வந்து, பறவை திரும்புகிறதா என்று ஜன்னல் வழியாகப் பாருங்கள். வெகுநேரம் வராமல் தயங்கினால் அவிழ்த்துவிடுங்கள்.

காக்கை, செண்பகம், வால்காக்கை, அணில், ஓணான், பூனை, பாம்பு என்று பட்டியல் நீளம். எல்லாவற்றையும் விரட்ட முடியாது, விரட்டுவது உங்கள் வேலையும் இல்லை. காக்கைக்குத் துப்புக் கொடுக்காமல் இருப்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் ஓரிடத்தில் அடிக்கடி போய் எட்டிப் பார்த்தால் காக்கை அதைக் கவனிக்கும். அதேபோல, ‘பாவம், சாப்பிடட்டும்’ என்று கூட்டுக்குப் பக்கத்தில் சோறோ வாழைப்பழமோ வைக்காதீர்கள். அதற்கு வரும் காக்கையும் அணிலும் கூட்டையும் பார்த்துவிடும். தாயும் தகப்பனும் கறிவேப்பிலைப் பழம், கோவைப்பழம், வேப்பம்பழம், பப்பாளி என்று தாமாகவே தேடிக்கொள்ளும். தண்ணீர் வைக்கலாம், ஆழமில்லாத மண்தட்டில், கூட்டிலிருந்து தள்ளி.

எறும்பை மறந்துவிடாதீர்கள். புதிதாகப் பொரித்த குஞ்சை எறும்பு மொய்த்தால் பிழைக்காது. தொட்டி ஸ்டாண்டில் இருந்தால் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். சாக்பீஸ் மருந்தும் பவுடரும் வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பூனையை உள்ளே வையுங்கள். பக்கத்து வீட்டுப் பூனைக்கு நயமாகப் பேசிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இன்னொரு கூத்தும் நடக்கும். கூடு கட்டும் காலத்தில் இந்தப் பறவை ஜன்னல் கண்ணாடியிலும் பைக் கண்ணாடியிலும் தெரியும் தன் உருவத்தை எதிரி என்று நினைத்துக் கொத்தித் தீர்க்கும். பைக் கண்ணாடிக்கு ஒரு துணிப்பை, ஜன்னலுக்கு வெளிப்பக்கமாக ஒரு செய்தித்தாள். சண்டை ஓய்ந்துவிடும்.

6. அடைகாக்கும் நாட்கள்

ஒரு நாளைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், அதுவும் பறவை இல்லாத நேரத்தில், சில விநாடிகள். ஜன்னலுக்கு உள்ளிருந்து பார்க்க முடிந்தால் அதுவே உத்தமம். நீங்கள் வரும்போது கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு கரகரவென்று கத்தினால், போதும் போ என்று அர்த்தம். இரவில் பால்கனி விளக்கை அணைத்துவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் ஒருநாள் காலை பார்த்தால் முட்டைகள் காணாமல் போயிருக்கலாம். நடக்கக்கூடியதுதான். திறந்த கிண்ணக் கூடுகளில் நிறைய இப்படித்தான் முடியும். ஜோடி சில நாளில் வேறிடத்தில் புதிதாக ஆரம்பித்துவிடும், உங்கள் மேல் கோபித்துக்கொள்ளாது.

7. குஞ்சு பொரித்த பிறகு

முதல் நாட்களில் குஞ்சு மயிரில்லாத சதைத் துண்டு, கண் மூடியிருக்கும், கூடு அசைந்தால் வாயை மட்டும் அகலத் திறக்கும். தாயும் தகப்பனும் மாறி மாறி இரை கொண்டுவரும். ஆரம்பத்தில் மென்மையான புழு பூச்சிகள்தான் அதிகம், பழம் போகப் போகக் கூடும். பக்கத்தில் ஜன்னல் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இரையை வாயில் திணித்ததும் பெரிய பறவை கிளம்பாமல் ஒரு கணம் நிற்கும். குஞ்சு பின்புறத்தைத் தூக்கும், வெள்ளையாக உருண்டையாக ஒரு பொட்டலம் வெளியே வரும். மெல்லிய சவ்வுப் பைக்குள் இருக்கும் எச்சம் அது. பெரிய பறவை அதை அலகில் கவ்வி எடுத்துப் போய்விடும், சமயத்தில் விழுங்கியும் விடும். ‘குருவி வந்தால் பால்கனி நாறும்’ என்று புகார் சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள். கூட்டில் குஞ்சு சிறிதாக இருக்கும் வரை தரையில் அழுக்கு மிகக் குறைவு.

குஞ்சு பொரித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆன கூட்டுக்கு அருகில் போகவே போகாதீர்கள். இறகு பாதி முளைத்த குஞ்சு, பயந்தால் நேரத்துக்கு முன்பே வெளியே குதித்துவிடும். கடைசி நாட்களில் படம் எடுக்கும் ஆசையில்தான் நிறையக் குஞ்சுகள் கீழே விழுகின்றன.

8. குஞ்சைத் தரையில் பார்த்தால்

எனக்கு வரும் போன் எல்லாம் இதைப் பற்றித்தான். பதறாமல் முதலில் இரண்டில் எது என்று பாருங்கள்.

இறகு முளைத்திருக்கிறதா, வால் மட்டும் குட்டையாக இருக்கிறதா, கிளையைப் பிடித்து உட்காரவும் தத்தவும் முடிகிறதா? அப்படியானால் அது விழவில்லை, கூட்டைவிட்டு இறங்கியிருக்கிறது. சரியாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே இவை கூட்டைவிட்டு வந்துவிடும். அடுத்த சில நாள் புதரிலும் தாழ்ந்த கிளையிலும் இருக்கும், பெற்றோர் அங்கேயே வந்து ஊட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, நடைபாதையிலோ பூனை வரும் வழியிலோ இருந்தால் எடுத்துப் பக்கத்துப் புதரில் உட்கார வைப்பது மட்டுமே. பிறகு வீட்டுக்குள் போய்விடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் தாய் வராது. ‘ஒரு மணி நேரமாகத் தாயைக் காணோம்’ என்பவர்களில் பலர், அந்த ஒரு மணி நேரமும் குஞ்சுக்குப் பத்தடி தூரத்தில் நின்றவர்கள்.

இறகு இல்லை, கண் திறக்கவில்லை, அல்லது முள் முள்ளாக இறகுக் குருத்து மட்டும் தெரிகிறது என்றால் அது உண்மையிலேயே விழுந்த குஞ்சு. கையைக் கழுவிவிட்டு மெதுவாக எடுத்துக் கூட்டில் வையுங்கள். மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. கூடே பிய்ந்து விழுந்திருந்தால், அடியில் ஓட்டை உள்ள சிறு கூடையில் அந்தக் கூட்டை வைத்து, பழைய இடத்திலேயே, பழைய உயரத்திலேயே கட்டுங்கள். பெற்றோர் திரும்ப வருகிறதா என்று தள்ளியிருந்து இரண்டு மணி நேரம் பாருங்கள்.

இரத்தம், தொங்கும் இறக்கை, பூனை கவ்விய குஞ்சு என்றால் கதை வேறு. அட்டைப் பெட்டியில் காற்றுத் துளை போட்டு, பருத்தித் துணி விரித்து, குஞ்சை வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். உடனே வனச்சரக அலுவலகத்துக்கோ பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவருக்கோ போன் செய்யுங்கள். பூனை கவ்வியது என்றால் காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மருந்து வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். இந்த எண்களைக் கூடு கட்டிய அன்றே தேடி போனில் பதிந்து வைப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு அலுவலக எண் தேடும் கொடுமை உங்களுக்கு வேண்டாம்.

அதுவரை பாலும் வேண்டாம், பிஸ்கட்டும் சோறும் வேண்டாம். முக்கியமாக, அலகைத் திறந்து தண்ணீர் விடாதீர்கள். அது நேரே மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நல்ல மனசோடு கொல்வதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

9. செலவு

பழைய வேட்டி வீட்டில் இருக்கும், மண்தட்டும் இருக்கும். வாங்கினால்கூடச் சில பத்து ரூபாய் சமாச்சாரம். ஈபேர்ட், குரலை வைத்துப் பறவையைச் சொல்லும் மெர்லின் செயலி இரண்டும் இலவசம். செலவு வருவதென்றால் தேதி மாற்றிய கூலியும், அடிபட்ட குஞ்சு என்றால் ஆட்டோவும் மருத்துவரும்தான். பைனாகுலர் வேண்டுமா என்று கேட்பார்கள். பால்கனிக் கூட்டுக்குத் தேவையே இல்லை. அதையே சாக்காக வைத்து வாங்குவதானால் 8x42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர்) பாருங்கள், ஜூம் என்று விளம்பரப்படுத்தும் மலிவுச் சரக்கை விட்டுவிடுங்கள்.

10. கூடு காலியானதும்

குஞ்சுகள் இறங்கியதும் கூட்டுக்குத் திரும்பி வருவதில்லை. ஆனாலும் ஒரு வாரம் விடுங்கள், குஞ்சுகள் இன்னும் பக்கத்துச் செடியில்தான் இருக்கும். அப்புறம் உள்ளே முட்டை எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு கூட்டை எடுங்கள். பழைய கூட்டில் உண்ணியும் செள்ளும் இருக்கும், அலங்காரத்துக்கு ஷோகேஸில் வைக்க வேண்டாம். செடிக்கடியில் போட்டால் மக்கிவிடும்.

எடுத்த கையோடு பெயின்டருக்கும் ஏசி மெக்கானிக்குக்கும் போன் செய்துவிடுங்கள். ஒரே பருவத்தில் இந்த ஜோடி மறுபடி கூடு கட்டும் பழக்கம் உள்ளது. முதல் தடவை நன்றாக முடிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்ததையும் தொடங்கலாம். அடுத்த குச்சி வந்து விழுந்துவிட்டால் இன்னொரு நான்கு வாரம் காத்திருக்க வேண்டும்.